மரைன் ஹில் இருட்டுக்குப் பொறுப்பாளர்

“அமெரிக்காக்காரன் கப்பல் வாசலுக்கே வந்தாலும் சரி, என் மரைன் ஹில்லுல இருந்து ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே போகாது. கடமைன்னு வந்துட்டா எனக்குப் பொண்டாட்டியும் கிடையாது, பிள்ளையும் கிடையாது!”

எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பரில், படித்துறைக்கு மேலே இருந்த உதுமான் பாயின் மளிகைக் கடையில் சிவஞானம் இப்படிப் பிரகடனம் செய்தார். திருநெல்வேலிக்காரர், துறைமுக ஸ்டோரில் கயிறும் பெயிண்டும் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம். சண்டை மூண்டு விளக்கணைப்பு உத்தரவு வந்ததும் எங்கள் தீவில் இந்த மரைன் ஹில் மேட்டுக்கு அவரை வார்டனாகப் போட்டு, ஒரு விசிலும் ஒரு டார்ச்சும் கொடுத்தார்கள். டார்ச் கண்ணாடியில் கறுப்புக் காகிதத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டி, ஊசித்துளை வெளிச்சம் மட்டும் வரும்படி செய்தார். அன்று முதல், உலகத் தலைவர்கள் எவருக்கும் வாய்க்காத தெளிவு அவருக்கு வாய்த்துவிட்டது.

“தர்ம யுத்தத்துக்கு முறைன்னு ஒண்ணு இருக்கு, பாய். ஆயுதத்தைக் கீழே போட்டவனை அடிக்கக் கூடாது. பொழுது சாஞ்சா சண்டையை நிறுத்திட்டுக் கூடாரத்துக்குப் போயிடணும். ஐ.நா. சபையில இதை எவனாவது எடுத்துச் சொன்னா அன்னைக்கே சமாதானம்.”

“கிழக்கே கிடக்கிற இந்தத் தீவுக்கும் மெயின்லாண்ட் கடிகாரம்தான், அண்ணாச்சி. அஞ்சு மணிக்கே இருட்டிப் போகுது. கராச்சியில அப்போ நல்ல வெயில். யார் பொழுதைப் பாத்து நிறுத்தச் சொல்றீங்க?”

குதர்க்கத்துக்குப் பதில் சொல்வது வார்டன் வேலையில் சேராது. “பத்தி பந்த் கரோ!” என்று சிவஞானம் இந்தியில் முழங்கி, கடையின் பெட்ரோமாக்ஸைத் தம் கையாலேயே அணைத்தார். அக்கரை பாம்பூபிளாட்டிலிருந்து வரும் படகுக்காரர்கள் அந்த விளக்கைப் பார்த்துத்தான் படித்துறையைக் கண்டுபிடிப்பார்கள் என்பது போர்த் தந்திரத்தில் அவ்வளவு முக்கியமல்ல.

அந்த வாரமே அது முக்கியமானது. அவர் மனைவி நீலாவதியும் உதுமானின் மனைவி ஆசியாவும் பாம்பூபிளாட்டுக்குக் குழந்தை பார்க்கப் போயிருந்தார்கள். திரும்பும்போது, கடற்படை வேலை என்று சொல்லி ஃபெர்ரியை நிறுத்திவிட்டார்கள். இருவரும் டோங்கி என்ற சிறு படகு ஒன்றைப் பிடித்துக் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. கணவன்மார் படித்துறைக்கு ஓடினார்கள். அதற்குள் இருட்டிவிட்டது. மரைன் ஹில் அன்று குறையே சொல்ல முடியாதபடி இருண்டிருந்தது.

கடலிலிருந்து நீலாவதியின் குரல் வந்தது. “ஏங்க! கரை எந்தப் பக்கம்?”

குரல் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அங்கே பாறையில் அலை மோதும் சத்தம்.

“டார்ச் அடிங்க, அண்ணாச்சி!”

“உத்தரவு இருக்கு, பாய்...”

“உத்தரவு நீந்திப் போய் அவங்களைத் தூக்கிட்டு வருமா? அந்தப் பக்கம் பூரா பாறை!”

“கடமைங்கிறது பற்றில்லாம...” என்று தொடங்கிய சிவஞானம் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. காகிதத்தை நகத்தால் பிய்த்தார். சோற்றுப் பசை நல்ல பசை; பல்லையும் உபயோகிக்க வேண்டியிருந்தது. முழு வெளிச்சம் தண்ணீரில் நீண்டு விழுந்தது. டோங்கி திரும்பியது.

உதுமான் அப்படியே படியில் உட்கார்ந்து அல்லாவைக் கூப்பிட்டார். நீலாவதி கரையில் கால் வைத்ததும் கேட்டாள்:

“ஊரையே இருட்டடிச்சு வெச்ச மடையன் யாரு?”

“அதைத்தான் வார்டன் அய்யா விசாரிச்சிட்டு இருக்காரு, தங்கச்சி” என்றார் உதுமான். மூச்சு வந்துவிட்டது, இனி சிரிக்கலாம்.

“சரி சரி, அதை அணைச்சிட்டு வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

நனைந்த முக்காட்டைப் பிழிந்துகொண்டிருந்த ஆசியா சொன்னாள்: “பின்னால இன்னொரு டோங்கி வருது. யாரோ பெங்காலிக்காரங்க, பிள்ளைகுட்டியோட.”

உதுமான் சிவஞானத்தைப் பார்த்தார்.

“நீ போ, நீலா” என்றார் சிவஞானம். விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கடைசிப் படிக்கு இறங்கி, டார்ச்சைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.