கோட்டின் மேல் இருந்த வீடு

வெஸ்ட்மீட் புறநகரில் புதிய ரயில் பாதை பற்றிய மக்கள் கூட்டத்தில்தான் நர்ஸ் சீருடையில் வந்திருந்த அந்த அம்மாவைப் பார்த்தேன். திட்டக் குழுவின் சார்பில் பதில் சொல்ல நின்றவன் நான். மற்றவர்கள் கத்தும்போதெல்லாம் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சத்தம் அடங்கியதும் மாட்டிக்கொண்டார்.

கடைசியில் எழுந்து வந்து, வரைபடத்தில் பாதை போகும் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ர வீடு. எடுப்பியளோ, மாட்டியளோ?" என்று, நானும் தமிழன் என்று ஊகித்தோ என்னவோ, தமிழிலேயே கேட்டார்.

"அரசாங்கம் இன்னும் நிதி ஒதுக்கல, ஆன்ட்டி."

"எத்தினை வருசமா இதைச் சொல்லுறியள்? என்ர மனுசன் வீல்செயாரில. அது உள்ள போக பாத்ரூமை இடிச்சுக் கட்டவோ, விடவோ?"

மண்டபமே என்னைப் பார்த்தது. நிதி வராது என்ற பேச்சு அலுவலகத்தில் இருந்தது. அதை வெளியே சொன்னால் என் வேலை போகும். பக்கத்தில் நின்ற மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது.

"கட்டுங்க, ஆன்ட்டி" என்றேன்.

"உங்கட வீடெண்டாலும் இதைத்தான் சொல்லுவியளோ?"

"ஆமா."

"சரி, நாளைக்கே ஆளைக் கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்த அரசாங்க பட்ஜெட்டில் நிதி வரவில்லை. வந்திருந்தால் புது பாத்ரூமோடு வீடே போயிருக்கும் என்று அவருக்கும் தெரியும். பெயர்கூடக் கேட்காமல் என் ஒரு வார்த்தையை எப்படி நம்பினார் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.