மார்க் குறைந்ததால் அல்ல

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தங்கையின் முதலாண்டு நினைவு மலருக்காக முதலில் எழுதிக் கொடுத்த பக்கத்தைப் படிக்க முடியாமல் அச்சகத்துக்காரர் வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வந்தார். அவரும் இதைப் படிக்கும் பெரியவர்களும் என்னை மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகள் இருந்தால் அவை என்னுடையவை. தங்கை இருந்திருந்தால் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்திருப்பார்.

தங்கை எனக்கு ஒன்பது வயது இளையவர். நேரில் “ஏ பாப்பா” என்றுதான் கூப்பிடுவேன். படித்தவர் என்பதால் இங்கே அவர் என்றே எழுதுகிறேன்.

பல நாளாக எழுத உட்காருகிறேன். நாலு வரி வந்ததும் எழுந்து போய்க் குழாயடியில் நிற்கிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். தங்கையின் நல்ல குணங்களை எழுதினால் போதும் என்று உறவினர்கள் சொன்னார்கள். “அண்ணங்காரன்தான் தங்கச்சிய படிக்க வெச்சான்” என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதை எழுதக் கை வரவில்லை. எழுத வேண்டியது வேறொன்று இருக்கிறது.

தங்கை அயனம்பாக்கத்தில், ஏரிக்கரைக்குக் கீழே இருந்த எங்கள் குடிசையில் பிறந்தார். நைனா அப்போது வயல்களில் கூலி வேலை செய்தார். வயல்கள் மனைகளாக ஆன பிறகு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் லோடு இறக்கப் போனார். தங்கை இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா தவறிவிட்டார். அதற்கு முன்பே நான் பள்ளியை விட்டிருந்தேன். யாருக்காகவும் விடவில்லை, வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்துதான் விட்டேன். பிறகு எஸ்டேட்டில் அச்சில் ரப்பர் வாஷர் அழுத்தி எடுக்கும் ஒரு பிரஸ் பட்டறையில் சேர்ந்து, இன்றுவரை அந்த வேலையில்தான் இருக்கிறேன்.

தங்கைக்குப் பள்ளி பிடித்திருந்தது. கணக்குப் போட ஆரம்பித்தால் அடுப்பில் சோறு குழைவது தெரியாது. 1986-ல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார். கணக்கில் அவர்தான் பள்ளியில் முதல். கல்லூரிக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது நைனா சொன்னது இதுதான்: “ஒரு தபா கேட்டுப் பாரு. கெடச்சா போ. கெடைக்கலன்னா கம்பெனிக்குப் போயிடணும். வருசா வருசம் அலயற வேல வாணாம்.”

பி.எஸ்.சி. கணிதத்துக்கு விண்ணப்பம் போட்டோம். கல்லூரிப் பலகையில் பட்டியல் ஒட்டிய அன்று நானும் கூடப் போனேன். தங்கை தன் பெயரின் மேல் விரல் வைத்துக் காட்டினார். மேலிருந்து எண்ணினேன். ஆறாவது பெயர். சொந்தக்காரர்கள் இதைத் தயவுசெய்து இன்னொரு முறை படிக்க வேண்டும். ஆறாவது.

சேர்ந்த பிறகு சொல்லலாம் என்று பட்டியல் விஷயத்தை நைனாவிடம்கூடச் சொல்லவில்லை. முந்தின ஐப்பசியில் ஏரி நிரம்பி எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. டிரங்குப் பெட்டியில் இருந்த ரேஷன் கார்டு கூழாகிப் போனது. இப்போது கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்களும் அதே பெட்டியில்தான் இருந்தன. அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்போதுதான் ஒரு லேமினேஷன் கடை வந்திருந்தது. பள்ளியில் கொடுத்த மாற்றுச் சான்றிதழை, அதாவது டி.சி.யை, தங்கைக்குத் தெரியாமல் எடுத்துப் போய் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டச் சொன்னேன். கடைக்காரர் அதைத் தட்டிக் காட்டி, “அண்ணாத்தே, இத்த இனிமே ஏரில போட்டாலும் மெதக்கும்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சேர்க்கை நாளன்று காலையில் அதைத் தங்கையிடம் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “பளபளன்னு கீதுண்ணா” என்று மட்டும் சொன்னார்.

கல்லூரி எழுத்தர் அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டினார். “இன்னாய்யா இது, ஓட்டல்ல மாட்ற வெல போர்டு மாதிரி கொண்டாந்துகீறீங்க? இதுக்குப் பின்னால நான் எழுதி சீல் குத்தணும். மை நிக்குமா இதுல?” என்றார். நல்ல மனிதர்தான். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, “வெள்ளிக்கெழம வரைக்கும் சீட்ட வெச்சிருக்கேம்மா. ஸ்கூல்ல போய் எதுனா வழி கேளு” என்று அனுப்பினார். அன்று புதன்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் தங்கை சொன்னார்: “நாளைக்குப் பெரிய டீச்சரப் பாத்துக் கேக்கறேன். நீ அத்தத் தொடாதண்ணா. அப்பிடியே இருக்கட்டும்.”

வியாழக்கிழமை அவர் தலைமையாசிரியரைப் பார்க்கப் பள்ளிக்குப் போனார். நான் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். என்னால் சும்மா உட்கார முடியவில்லை. பட்டறையில் அச்சோடு ரப்பர் ஒட்டிக்கொண்டால் சூடு காட்டி உரிப்போம். அது என் கைக்குப் பழகிய வேலை. பக்கத்து வீட்டில் இஸ்திரிப் பெட்டி வாங்கி, டி.சி.யின் மேல் ஈரத் துணி போட்டுத் தேய்த்தேன். ஓரம் கிளம்பி வந்தது. மெதுவாக இழுத்தேன். பிளாஸ்டிக் வந்தது, அதோடு காகிதத்தின் மேல்தோலும் வந்தது. தங்கையின் பெயர், பிறந்த தேதி, தலைமையாசிரியர் கையெழுத்து எல்லாம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. என் கையில் மிஞ்சியது வெள்ளைத் தாள்.

தங்கை வாசலில் நுழையும்போதே பேசிக்கொண்டு வந்தார். “பெரிய டீச்சர் காலேஜுக்கே போன் போட்டுப் பேசிட்டாங்கண்ணா. இந்த லெட்டரையும் அந்த டி.சி.யையும் சேத்துக் குடுத்தா எடுத்துக்கறாங்களாம். பிளாஸ்டிக்கு இருந்தா பரவால்லயாம்.”

பிறகு பார்த்தார். அழவில்லை. பிளாஸ்டிக்கை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்து, “என் பேரு தலகீழா திரும்பிகினு கீது பாருண்ணா” என்றார். அதைக் கீழே வைத்துவிட்டு, “நைனாக்குத் தெரிஞ்சா உன்ன வெட்டிப் போட்ருவாரு. மார்க் பத்தலன்னு சொல்லிடறேன். நீ வாயத் தொறக்காத” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பதின்மூன்று வருடமாகத் திறக்கவில்லை.

வேறு டி.சி. கல்வி அலுவலக உத்தரவோடு கைக்கு வந்தபோது கல்லூரி தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நைனா சொன்னபடி தங்கை எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலையில் சேர்ந்தார்.

அடுத்த தையில் குமணன்சாவடியில் ஒரு கல்யாணம். பந்தியில் எங்கள் தாய்மாமா சத்தமாகக் கேட்டார்: “இன்னாம்மா, கணக்குல புலின்னானுங்க. கடேசில மார்க் பத்தாம காயில் சுத்திகினு கீறியே.” எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்துக்கொண்டே, “சுத்து எண்றதுக்கும் கணக்கு வோணுமே மாமா” என்றார். நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். அதன் பிறகு எத்தனையோ விசேஷங்களில் அந்தப் பேச்சு வந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதாவது ஒரு வாளி கிடைத்தது.

தங்கை அஞ்சல் வழியில் பி.எஸ்.சி. சேர்ந்தார். பாடங்கள் தபாலில் கட்டுக் கட்டாக வரும். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. எங்கள் தெருவில் அந்தப் படிப்பைக் கேள்விப்பட்டவர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை எதிரே உட்கார வைப்பார். “உனக்குச் சொல்றேன். புரியலன்னா புரியலன்னு சொல்லு, அது போதும்” என்பார். நான் புரியவில்லை என்பேன். அவர் வேறு விதமாகச் சொல்வார். அதுவும் புரியவில்லை என்பேன். இப்படி ஏழெட்டு முறை சொல்லும்போது அவருக்கே எங்கேயோ முடிச்சு அவிழும். “ஆங், இதான்ணா” என்று நோட்டைப் பிடுங்கிக்கொள்வார். தங்கையின் படிப்புக்கு நான் செய்தது இவ்வளவுதான்.

முதல் வருடம் ஒரு தாளில் தோற்றார். தேர்வுக்கு லீவு கேட்டால் சூப்பர்வைசர், “டிகிரி வாங்கிட்டு எங்கள வேல வாங்கப் போறியா?” என்பார். பெண் பார்க்க வந்தவர்கள், பையன் பத்தாவதுதான், பெண் இவ்வளவு படித்தால் சரிவராது என்று போனார்கள். ஏன் இந்தப் பாடுபட வேண்டும் என்று நான் ஒருமுறை கேட்டேன். “தெரியலண்ணா. ஒரு கணக்கு வரும்போது நான் வேற எங்கியோ கீற மாதிரி இருக்கு” என்றார். மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்தில் முடித்தார். பூந்தமல்லியில் ஒரு சிறிய பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனார். நைனா கண்ணை மூடுவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டார். பிறகு எம்.எஸ்.சி.யும் தபாலில்தான்.

சென்ற ஆண்டு கடைசித் தேர்வை வீங்கிய காலோடு எழுதினார். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அதன் பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மதியம், மாமா கஞ்சி கொடுத்துவிட்டுக் கீழே போன நேரம், நான் கேட்டேன்: “பாப்பா, மாமாகிட்ட அந்த விசயத்தச் சொல்லிடட்டா?”

“இப்ப இன்னாத்துக்கு? நான் எம்.எஸ்.சி. பாஸ் பண்ணட்டும். அப்ப சொல்லு. இப்பச் சொன்னா, ஃபெயிலானவ சாக்கு சொல்றான்னுவாரு” என்று சிரித்தார்.

தங்கை மறைந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் ஒரு நீளமான கவரைக் கொடுத்தார். தங்கையோடு வேலை பார்த்த டீச்சர்கள் படித்துச் சொன்னார்கள். தேர்ச்சி, முதல் வகுப்பு.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். மாமா எனக்கு எதிரேதான் நின்றிருந்தார். நான் பந்தல் கயிறுகளைச் சுருட்டப் போய்விட்டேன். ஒரு வருடம் போய்விட்டது.

மாமா, இதை நீங்கள் படிப்பீர்கள். ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் தூக்கில் கஞ்சி கொண்டு வந்து ஊட்டியவர் நீங்கள். உங்கள் மேல் எனக்குக் குறை இல்லை. நாங்கள் சொன்னதைத்தான் நீங்கள் நம்பினீர்கள். கல்லூரி கிடைக்காமல் போனது தங்கைக்கு மார்க் குறைந்ததால் அல்ல. கெடுத்தது என் கை. இனி எந்தப் பந்தியிலாவது அந்தப் பேச்சு வந்தால் என்னைக் காட்டிச் சொல்லுங்கள். நான் எழுந்து போகாமல் நிற்கிறேன்.

கல்லூரிக்குப் போன் போட்டுப் பேசிய பெரிய டீச்சர் அம்மாவுக்கும், ரத்தம் கொடுத்த பூந்தமல்லி பள்ளி ஆசிரியர்களுக்கும், பாடக் கட்டுகளை மழையில் நனையாமல் கொண்டு வந்து சேர்த்த தபால்காரருக்கும், தங்கையைத் தூக்கிப் போக வந்த தெருக்காரர்களுக்கும் என் கைகூப்பிய வணக்கம். எம்.எஸ்.சி. மார்க் பட்டியல் என்னிடம் இருக்கிறது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டியிருக்கிறேன். பிளாஸ்டிக் போடவில்லை. பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம்.

அயனம்பாக்கம்,
29-9-1999, புதன்கிழமை.