அசோக் நகரில் நின்றுபோன பைக்

என் கணவர் வீட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சண்டை எதுவும் நடக்கவில்லை. நான் இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி நிற்கும்வரை சமையலறை வாசலில் காத்திருந்துவிட்டு, "என்னால இங்க இருக்க முடியல. அசோக் நகர்ல ஒரு ரூம் பாத்திருக்கேன்" என்றார்.

வேறு பெண் யாராவது உண்டா என்று பிறகு உறவினர்கள் எல்லோரும் கேட்டார்கள். யாரும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். அழலாம், திட்டலாம், அந்த வீட்டு வாசலில் போய் நிற்கலாம். யாருமே இல்லாத ஓர் அறைக்கு ஒருவர் தனியாகக் குடிபோனால் என்ன செய்வது? நான் ஒன்றும் செய்யவில்லை. சட்னிக்குத் தாளித்தேன். குளித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

என் வேலை, விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு எழுதித் தருவது. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து இதைத்தான் செய்கிறேன். முறுக்கிக்கொண்ட ஹேண்டில்பார், உள்ளே போன பெட்ரோல் டேங்க், சீட்டில் காய்ந்துபோன கறை. எதைப் பார்த்தாலும் பதறாமல் குனிந்து ஃபோட்டோ எடுக்கப் பழகியிருந்தேன். அந்தப் பழக்கம் இப்போது என்னுடன் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது போலிருந்தது. அலுவலகத்தில் என்னைத் தைரியசாலி என்றார்கள். அதுவும் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் காதில் விழுந்தது.

போகும்போது அவர் ஸ்கூட்டரையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். அதில்தான் மகளை மயிலாப்பூரிலிருந்து அடையாறில் இருக்கும் காலேஜுக்குக் கொண்டுபோய் விடுவார். அவள் மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள். அப்பாவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவளுடைய பதினெட்டாவது பிறந்தநாள் வந்தது. கேக் வாங்கினேன். இருவரும் ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டு, மீதியை ஃபிரிட்ஜில் வைத்தோம். அப்போதுதான் கேட்டாள்.

"எனக்கு ஒரு பைக் வேணும்மா."

"ஸ்கூட்டியா?"

"இல்ல. கியர் வண்டி. சின்னதா இருந்தா போதும். பழசா இருந்தாலும் பரவால்ல."

"ஏன் கியர் வண்டி?"

"அப்பா ஓட்டுற மாதிரி வேணாம்."

சரி என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் எனக்குள் ஏதாவது இருந்திருக்க வேண்டும். எதுவும் இல்லை.

மந்தைவெளிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் போர்டிகோவில் நின்றிருந்த நூறு சிசி வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். வீட்டுக்காரர் வயதானவர். மகன் வெளிநாட்டில் இருக்கிறானாம். வண்டி மேல் போட்டிருந்த பழைய போர்வையை எடுத்தார்.

"அவன் போனதுலேர்ந்து இப்படியேதான் நின்னுண்டிருக்கு. நான் தொட்டதே இல்லே. யார் ஓட்டப் போறா, உங்காத்துக்காரரா?"

"நான்தான்" என்றாள் மகள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பேஷ்" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது.

டயர்கள் இரண்டும் வெடித்திருந்தன. டேங்க் உள்ளே துரு. சீட்டுக்கடியில் எலி கூடு கட்டி, ஒயர்களையும் கடித்து வைத்திருந்தது. ஆனால் சேஸி நேராக இருந்தது. எங்கும் அடிபட்ட வண்டி இல்லை. வேலைக்காகப் பார்ப்பது போலவே சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தேறும் என்றேன். ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி எங்கள் அடுக்குமாடியின் கார் பார்க்கிங்குக்குக் கொண்டுவந்தோம்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் அந்த வண்டியோடுதான் போயின. பழைய பெட்ஷீட்டை விரித்து, கழற்றியதை எல்லாம் வரிசையாக வைப்போம். டேங்குக்குள் பழைய நட்டுகளைப் போட்டு, டீசல் ஊற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். மாடியிலிருந்து யாரோ சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தினார்கள். துருத் தண்ணீர் ரசம்போல வெளியே வந்தது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினோம். பிளக்கை எப்படிக் கழற்றுவது, கரியை எப்படிச் சுரண்டுவது, அதன் மேல் மாட்டும் தொப்பி ஈரமானால் வண்டி கிளம்பாது, துடைத்து மாட்டினால் போதும் என்பதெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வாள்.

ஒருநாள் பின்சக்கர நட் இளகாமல் சதி செய்தது. பலம் கொடுத்துத் திருப்பும்போது ஸ்பேனர் வழுக்கி, என் கை ஃபுட்ரெஸ்டில் மோதியது. நான் மறுபடியும் ஸ்பேனரை நட்டில் பொருத்தினேன்.

"ம்மா, ரத்தம்."

"எங்க?"

"கைம்மா! உன் கை!"

பார்த்தேன். விரல் முட்டிகளில் தோல் உரிந்து, கிரீஸும் ரத்தமுமாக வழிந்துகொண்டிருந்தது. அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கழுவினாள். டெட்டால் ஊற்றும்போது என் முகத்தையே பார்த்தாள். நான் முகம் சுளிப்பேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். கட்டுப் போட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று மேற்கொண்டு வேலை நடக்கவில்லை.

இன்ஜின் வேலை வீட்டில் செய்யக்கூடியது இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் எனக்கு வேலை வழியாகப் பழக்கமான ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனோம்.

"இன்னா மேடம், ஊர் வண்டிய எல்லாம் தேறாதுன்னு எழுதிட்டு, இத்தப் போயி வாங்கிக்கினு வந்துகீறீங்க?"

"பொண்ணுக்கு, பாய்."

"பாப்பாவுக்கா? அப்ப சரி. நாளைக்கு வந்து எட்துக்கினு போங்க."

அவருடைய நாளை, தீபாவளியைத் தாண்டித்தான் வந்தது. இன்ஜின் மட்டும் நன்றாக வந்திருந்தது. ஒயரிங்கையும் அவரே செய்திருந்தார். மகள் ஹாரனை அழுத்தினாள். ஹாரன் அடிக்கவில்லை, வலது இண்டிகேட்டர் எரிந்தது. மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் இண்டிகேட்டர். பாய் தலையைச் சொறிந்தார்.

"சவுண்டு வர்ல, ஆனா லைட்டு வருது பாரு பாப்பா."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். நானும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. வாயை அகட்டினேன். பாய் ஒயரைப் பிரித்து மாற்றி மாட்டும்வரை அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வண்டியை அவள் பேருக்கு மாற்றி, இன்ஷூரன்ஸ் போட்டு, அவளுக்கு எல்.எல்.ஆர். வாங்கியதும், திருவான்மியூர் கடற்கரைப் பக்கம் ஆளில்லாத தெருக்களில் பழகினாள். நான் பின்னால் உட்கார்ந்து, "கிளட்ச மெதுவா விடு, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே போவேன். வண்டி துள்ளித் துள்ளி நிற்கும். வாக்கிங் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் துள்ளல் நின்றது. லைசென்ஸ் டெஸ்டில் கால் ஊன்றாமல் எட்டு போட்டாள். அதன் பிறகு காலேஜுக்கு அந்த வண்டிதான்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தொடங்கினாள். ஃபிரெண்டு வீடு என்பாள். எந்த ஃபிரெண்டு என்று நான் கேட்டதில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நல்ல மழை. ஃபோன் அடித்தது. அவருடைய பெயர். வீட்டை விட்டுப் போன பிறகு அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"நான்தான். இவ இங்க வந்தா. இப்ப வண்டி ஸ்டார்ட் ஆகல. ஒண்ணும் பயப்படாத, அவ நல்லா இருக்கா. நீ வரணும்னு இல்ல, யாராவது மெக்கானிக் நம்பர் இருந்தா..."

"ஞாயித்துக்கிழமை யாரும் வர மாட்டாங்க. அட்ரஸ் அனுப்புங்க."

டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். துரைசாமி சப்வேயில் தண்ணீர் நின்றதால் ஆட்டோக்காரர் கோடம்பாக்கம் பாலம் வழியாகச் சுற்றினார். அவள் ஒவ்வொரு வாரமும் அங்கேதான் போயிருக்கிறாள் என்பது வழியில் புரிந்தது. கோபம் வருகிறதா என்று உள்ளுக்குள் பார்த்தேன். வரவில்லை. மழைத் திரை வழியாக தி.நகர் விளக்குகள் கலங்கிக் கலங்கிப் போயின.

கீழே மாவு மில், மேலே அவருடைய அறை. தெருவோரத்தில் வண்டி நனைந்துகொண்டு நின்றது. மகள் மில்லின் சன்ஷேடுக்கு அடியில் ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் குடையோடு ஓடி வந்தார். நான் பார்த்திராத ஒரு சட்டை போட்டிருந்தார்.

நான் வண்டிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். அவர் குடையை என் தலைக்கு மேலும் இன்ஜினுக்கு மேலுமாகப் பிடித்து, இன்னொரு கையில் ஃபோன் டார்ச்சை அடித்தார். பிளக்கின் தொப்பியை இழுத்தேன். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. அவ்வளவுதான் விஷயம்.

"துணி இருக்கா?"

அவர் கைக்குட்டையைக் கொடுத்தார். துடைத்தேன்.

"வண்டிய நல்லா பண்ணியிருக்க" என்றார்.

"ம்."

"உன் மேல ஒரு தப்பும் இல்ல. அத உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சிட்டே இருந்தேன்."

"தெரியும்."

மழை குடைத் துணியில் அடித்துக்கொண்டிருந்தது. தொப்பியை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தேன். எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"இங்க நல்லா இருக்கா உங்களுக்கு?"

டார்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.

"இங்கயும் அதேதான்" என்றார். "எதைச் சாப்பிட்டாலும் ஒண்ணுதான். தூங்கினாலும் முழிச்சாலும் ஒண்ணுதான். அந்த வீடுதான் காரணம்னு நெனச்சி வந்தேன். வீடு இல்லபோல."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அந்த வாக்கியங்களை நானே சொல்லியிருக்கலாம். இவருக்கு இது எப்போது தொடங்கியது, ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்தேன். ஆனால் அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. தொப்பியை அழுத்தி மாட்டி, கிக்கரை உதைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

"மேல வந்து காபி குடிச்சிட்டுப் போயேன்."

"வேணாம். டாக்டர் யாரையாவது போய்ப் பாருங்க" என்றேன்.

அவர் குழந்தைபோலத் தலையாட்டினார்.

திரும்பும்போது மகள் ஓட்டினாள். மழை விட்டிருந்தது. கோடம்பாக்கம் பாலத்தில் ஏறி இறங்கினோம். ஒரு சிக்னலில் நின்றபோது அவள் தோளருகே குனிந்து கேட்டேன்.

"தொப்பிய நீயே தொடச்சிப் போட்டிருக்கலாமே. அதான் சொல்லிக் கொடுத்திருக்கேனே."

சிக்னல் பச்சையானது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"போட்டிருக்கலாம்" என்றாள். முதல் கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள்.

அவர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் அடுத்த வாரமே அடையாறில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தார். முதல் தடவை மகள்தான் வண்டியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது எப்போதாவது ஃபோனில் பேசிக்கொள்கிறோம். மழை பெய்ததா, என்ன சமையல் என்ற மாதிரி. முன்பு ஒரே வீட்டில் இருந்தபோது பேசியதைவிட அது குறைவில்லை. நானும் அந்த டாக்டரையே பார்க்கலாம் என்று மகள் சொன்னாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பொங்கல் விடுமுறையில் அவள் தோழிகளோடு பைக்கில் மகாபலிபுரம் போய்விட்டு வருவதாகச் சொன்னாள். சரி என்றேன். சாயங்காலம் வருவதாகச் சொன்ன நேரம் தாண்டியது. ஃபோன் எடுக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஈ.சி.ஆர். சாலையில் போகும் கார்களும், திருப்பங்களும், அவள் தலையும் கழுத்தும் கண் முன்னால் வந்தன. அவளுக்கு அந்த வண்டியை வாங்கிக் கொடுத்ததிலிருந்து அதுவரை நான் ஒருமுறைகூடப் பயப்பட்டிருக்கவில்லை. இப்போது அந்த மாதங்களின் பயம் முழுவதும் ஒரேயடியாக வந்து இறங்கியது போலிருந்தது. செருப்புகூடப் போடாமல் தெருமுனைவரை போய் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டாள். ஃபோனில் சார்ஜ் இல்லையாம். நடுத்தெருவில் அவளைப் பிடித்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அழத் தொடங்கியதும் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு இறங்கி வந்து, என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.