வெறும் வயிற்றில் ஒரு சண்டை

போன பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, மேடவாக்கத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் நடந்தது இது. நான் தண்ணீர் லாரி ஓட்டுபவன். மருத்துவக் கல்லூரியிலிருந்து இலவச முகாம் போட வருகிறார்கள் என்று முதல் நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தார்கள். சர்க்கரை பார்க்க வேண்டியவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டுமாம்.

எனக்குச் சர்க்கரை உண்டு. குடியும் உண்டு, அதாவது இருந்தது. விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. விட்டதிலிருந்து மாத்திரை விஷயத்தில் நான் ரொம்பக் கறார். அன்றைக்கும் விடிந்ததும் மாத்திரையைப் போட்டுவிட்டு, சொன்னபடியே ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் மனைவியோடு போய் உட்கார்ந்தேன்.

டாக்டர்களைக் காணோம். ஊருக்குப் போகிற கூட்டத்தில் வேன் பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டதாம். என்னால் உட்கார முடியவில்லை. கேட் வரை போவேன், திரும்புவேன், மறுபடி போவேன். லோடு அடிக்காமல் நிற்கிற லாரி ஞாபகத்துக்கு வரும், எரிச்சல் ஏறும். கை நடுங்கியது. மேலே சுற்றுகிற ஃபேன் சத்தம்கூட என்னை வம்புக்கு இழுப்பது போலிருந்தது. பக்கத்திலிருந்தவர் கொஞ்சம் நகரச் சொன்னார். அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். திட்டலாம் என்று வாயைத் திறந்தால் நாக்கு குழறுகிறது.

"இன்னாப்பா, காலங்காத்தாலயே ஊத்திகினு வந்துட்டியா?" என்றார் ஒருவர். நாலு பேர் சேர்ந்து என்னை கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். குடிக்கவில்லை என்று சொல்ல நினைக்கிறேன், வார்த்தை வரவில்லை. அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் வேன் வந்தது. இறங்கிய பயிற்சி டாக்டர், சின்னப் பெண். அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள் என் மனைவி.

"டாக்டரம்மா, இது குடிக்கல."

"எல்லாரும் குடிச்சிருக்காருன்னு சொல்றாங்களேம்மா."

"குடிச்சா இந்த ஆளு சிரிச்சிகினே இருக்கும். தெருவுல போற நாயப் பாத்தாகூட சிரிக்கும். இப்ப கண்டவங்க மேல எரிஞ்சி வுழுது பாருங்க. இது வேற இன்னாவோ."

அந்தப் பெண் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

"காலைல சுகர் மாத்திரை போட்டாரா?"

"போட்டுச்சு. நீங்கதானே வெறும் வயித்துல வரச் சொன்னீங்க?"

டாக்டரின் முகம் மாறிவிட்டது. விரலில் குத்திப் பார்த்தார். வேனிலிருந்து குளுக்கோஸ் எடுத்துவரச் சொல்லி, கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். உள்ளே பரபரத்துக்கொண்டிருந்தது மெல்ல அடங்கியது. "சாப்பிடாம வாங்கன்னு சொன்னோம், மாத்திரையும் போடாதீங்கன்னு சொல்ல விட்டுட்டோம் சார்" என்றார் தலைகுனிந்து. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டதாம். ரோட்டோரம் மயங்கி விழுந்திருந்தால், குடிகாரன் என்று எல்லோரும் தாண்டித்தான் போயிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கேட்டேன், "என்மேல அவ்ளோ நம்பிக்கையா?"

"நம்பிக்கையாவது? உன் குடிய என்னைவிட எவ பாத்திருக்கா?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் குடித்த காலத்தில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்போது அழுதுகொண்டே அவள் பார்த்துவைத்ததுதான் அன்றைக்கு என் உயிரைக் காப்பாற்றியது என்பதை நினைத்தால், இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.