பித்தளையில் ஒரு கோணக்கால் சாமி

1966-ஆம் ஆண்டு ஓர் அரசாங்க மருத்துவமனை வெள்ளைத்துரைக்குக் கொடுத்த சான்றிதழ் இப்படிச் சொல்கிறது: "வயது இருபத்து நான்கு. மதம் இந்து. வலது கால் இளம்பிள்ளை வாதத்தால் ஊனமுற்றது. நெடுநேரம் நின்று செய்யும் வேலைக்கும் பளுவான வேலைக்கும் தகுதியற்றவர். உட்கார்ந்து செய்யும் எழுத்து வேலைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது."

வெள்ளைத்துரை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்து வேலை என்று அவர் செய்ததெல்லாம் அந்தச் சான்றிதழில் போட்ட கையெழுத்துதான். மற்றபடி தியாகராய நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில், ஸ்டூல் போடவும் இடமில்லாத பெட்டிக்கடையில் காலையிலிருந்து பொழுது சாயும் வரை நின்றுகொண்டே பம்பு ஸ்டவ் பழுதுபார்த்தார். ஆக, சான்றிதழில் உருப்படியாக இருந்தது மதம் பற்றிய வரிதான். 1970-இல் அதுவும் ஆட்டம் கண்டது.

அதற்குக் காரணம் கைசர் ஜஹான். ஆழ்வார்பேட்டைக்காரர், பெண்கள் கல்லூரியில் உலக சரித்திரம் நடத்துகிறவர். அவர் வீட்டு ஸ்டவ் மாதம் ஒருமுறை மூச்சை விடும். அன்றைக்கும் விட்டிருந்தது. வெள்ளைத்துரை பர்னரைப் பழுக்கக் காய்ச்சி, குறடால் பிடித்துத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் யோசிக்காமல் பேசிவிட்டார்.

"கிரேக்க நாட்டிலே ஒரு சாமி இருந்தார், வெள்ளைத்துரை. உங்க தொழில்தான். உலை, சுத்தியல், குறடு. காலும்..." என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"காலும்?"

"நொண்டின்னு சொல்வாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"நொண்டி சாமியா டீச்சர்? பக்கத்துல நிக்கிற பூதம் கீதம் இல்லியே?"

"சாமியேதான். மத்த சாமிகளுக்கு வீடு கட்டினது, ஆயுதம் அடிச்சுக் கொடுத்தது எல்லாம் அவர்தான். ஹெஃபைஸ்டஸ்னு பேரு."

பர்னர் குறட்டிலேயே ஆறிப்போனது.

வெள்ளைத்துரைக்குச் சாமிகளிடம் சண்டை எதுவும் கிடையாது. சாமியைச் சேர்ந்தவர்களிடமும் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் அம்மன் சப்பரம் தூக்க யாரும் அவர் தோளைச் சேர்த்துக்கொண்டதில்லை. அடிக்கு அடி உயரம் மாறுகிற தோள் சப்பரத்துக்கு ஆகாது. அது நியாயம்தான் என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார். உறவில் யாருக்காவது பெண் பார்க்கக் கிளம்பும்போது, "நீ அடுத்த வண்டியில வாடே" என்பார்கள். அதிலும் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் திட்டியாவது ஆறியிருக்கலாம்.

அடுத்த மாதம் ஸ்டவ் திரும்பி வந்தபோது அவர் கேட்டார்: "அந்தச் சாமிய எப்படிக் கும்பிடணும் டீச்சர்?"

கைசர் ஜஹான் திடுக்கிட்டார். "நான் கதைதானே சொன்னேன்? கும்பிடவா சொன்னேன்? அவரைக் கும்பிடறதை விட்டு ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆச்சு."

"அப்போ கூட்டம் இருக்காது."

ஐந்து வேளையும் தொழுகிறவர் கைசர் ஜஹான். இறைவன் ஒருவனே என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கப்பட்டுவிட்டால் நூலகத்துக்குப் போகாமல் இருக்கவும் அவரால் முடியாது. சங்கடத்தோடுதான் போனார், நான்கு புத்தகம் பார்த்து, தாளில் தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். கை கழுவ வேண்டும். பார்லி தூவ வேண்டும். எந்தச் சாமிக்குப் படைத்தாலும் முதல் பங்கு அடுப்பின் தெய்வமான ஹெஸ்டியாவுக்கு. பிறகு திராட்சை மதுவைத் தீயில் ஊற்றி, உள்ளங்கைகளை வானம் பார்க்க உயர்த்தி, வேண்டியதை உரக்கக் கேட்க வேண்டும்.

"விழுந்து கும்பிடணுமா? நம்ம கால் மடங்காது."

"வேண்டாம். நின்னுதான்."

"ஒயினுக்கு எங்க போறது டீச்சர்? மதுவிலக்காச்சே."

"அதுக்கு நான் பொறுப்பில்லை."

"பன்னீர் திராட்சையப் பிழிஞ்சு ஊத்தினாக் கோச்சுக்குவாரா?"

"உங்க சாமி, உங்க பாடு" என்றவர் சற்று யோசித்து, "அவ்வளவு கோபக்காரர்னு புத்தகத்தில இல்லை" என்றார்.

பார்லி நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. உருவம்தான் கிடைக்கவில்லை. மயிலாப்பூர் மாட வீதியில் கொலு பொம்மை செய்கிறவர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கையை விரித்தார். "காலக் கோணலாப் பண்ணினா பின்னம்ப்பா. பின்னமானதக் கும்பிடக் கூடாது, தண்ணியில போட்டுடணும். நேராப் பண்ணித் தரேன், நீ மனசுல கோணலா நெனச்சுக்க."

வெள்ளைத்துரைக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. தேய்ந்துபோன ஒரு ஸ்டவ்வின் பித்தளைத் தொட்டியை வெட்டி, ஈயப்பற்று வைத்து, ஒரு சாண் உயரத்தில் தானே செய்தார். கையில் சுத்தியல், முகத்தில் தாடி. வலது பாதம் வந்தபோது குனிந்து தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டார், பார்த்தபடியே வளைத்தார்.

பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஷரீஃப் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, ஊர்ல கீற சாமி பத்தலியா? சீமைலேர்ந்து வரவய்ச்சிக்கினு கீறே! அதுங்கூட ரிப்பேர் கேசு!"

"ரிப்பேர் பாக்குற சாமி, பாய்."

மாம்பலத்தில் வெள்ளைத்துரை குடியிருந்தது ஒற்றை அறை. ஸ்டவ்வுக்கு மேல் இருந்த பலகையில் சாமியை வைத்தார். அவர் மனைவி தங்கபுஷ்பம் முதலில் சிரித்தாள். "பேருதான் வெள்ளைத்துரைன்னா சாமியும் வெள்ளக்காரச் சாமியா?" என்றாள். ஆனாலும் திராட்சையை அவளே பிழிந்து கொடுத்தாள். நான்கு மாதம் இப்படிப் போனது. பிறகு அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. பக்கத்துப் போர்ஷன் முத்துலட்சுமி ஒருநாள் பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, "பிள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல பின்னமான சாமியா? தெனம் அதத்தான பாக்குற?" என்று கேட்டாள். கெட்ட எண்ணம் இல்லாமல்தான்.

தங்கபுஷ்பத்தின் சிரிப்பு அன்றோடு நின்றது. ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "சாந்தோம் கடல் வரைக்கும் போயிட்டு வருவம்" என்றாள். எதற்கென்று அவருக்குத் தெரியும்.

கரையில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் பையை நீட்டினாள்.

"நீங்களே போட்டுருங்க."

"நான் போட மாட்டேன். என் காலப் பாத்துத்தான் செஞ்சேன். அது பின்னம்னா நான் என்ன தங்கம்?"

"ஒங்களச் சொல்லல. நீங்க பட்டத எம்பிள்ளையும் படணுமா?"

அவள் கேட்டதும் நியாயம்தான். கைசர் ஜஹான் முன்பொரு நாள் சொல்லியிருந்த கதையை, இதுவரை வீட்டில் சொல்லாமல் வைத்திருந்ததை, அப்போதுதான் அவர் சொன்னார்.

"இவர ஏற்கெனவே ஒருக்கக் கடல்ல போட்டாச்சு. பெறந்ததும் கால் கோணலா இருக்குன்னு, மேலருந்து தூக்கி எறிஞ்சிட்டா."

"யாரு?"

"இவங்கம்மா."

"பெத்தவளா?" தங்கபுஷ்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். "பொறவு?"

"கடலுக்குள்ள ரெண்டு பொம்பளைங்க எடுத்து ஒளிச்சு வச்சு வளத்தாங்களாம். ஒம்பது வருசம்."

"பெத்தவள ஒண்ணுமே கேக்கலியா?"

"தங்கத்துல நாற்காலி ஒண்ணு செஞ்சு அனுப்பினாராம். உக்காந்தா எந்திரிக்க முடியாது."

"நல்லா வேணும் அவளுக்கு" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை மடியில் இழுத்து வைத்தாள். "ஆனா வீட்டுக்குள்ள வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு. கடையில வச்சுக்கிடுங்க."

"சரி."

அவளுடைய பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அவருக்கும் அது தொற்றியிருந்தது என்பதுதான் உண்மை. சாமி கடைக்குக் குடிபோனார். தினமும் முதல் ஸ்டவ்வைப் பற்றவைக்கும்போது பூசை நடந்தது. இனி வேண்டுதலில் என்ன கேட்பது என்று வெள்ளைத்துரைக்குத் தெரியவில்லை. பிள்ளைக்கு நேரான கால் வேண்டும் என்று இந்தச் சாமியிடம் எந்த முகத்தோடு கேட்பது? கேட்காமல் இருக்கத் தகப்பனால் முடியுமா? நான்கு மாதம் வெறுமனே கையை உயர்த்திவிட்டு இறக்கினார்.

மார்கழியில் ஒரு காலை. அவர் கடையைத் திறந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது ஷரீஃப் மூச்சிரைக்கச் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"நைனா, வலி எடுத்திச்சு. முத்துலச்சுமி ரிக்ஷால ஆசுபத்திரிக்கு இட்டுக்கினு போயிருக்குது. ஏறு பின்னால!"

"ஒரு நிமிசம் பாய்."

வெள்ளைத்துரை ஸ்டவ்வைப் பற்றவைத்தார். பார்லியைத் தூவி, திராட்சைச் சாற்றில் முதல் பங்கை அடுப்பின் தெய்வத்துக்கும் அடுத்ததைப் பித்தளைச் சாமிக்கும் ஊற்றினார். உள்ளங்கைகளை உயர்த்தி, சந்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, தாயும் பிள்ளையும் உயிரோடு வேண்டும் என்று கேட்டார். பிள்ளையின் காலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.