ஸ்டெல்லா அக்கா கட்டிய திரையரங்கு

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து நின்றிருந்தபோது செய்தி வந்தது: ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். திண்டிவனம் தொலைபேசி நிலையத்தில் என்னைப்போலவே அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் இதே செய்தி வந்திருக்கும். அடக்கத்தன்று ஒருவர் என்னிடம், "பாவம், கஷ்டப்பட்ட ஜென்மம்" என்றார். இல்லை என்று அங்கேயே சொன்னேன். இங்கும் அதைத்தான் சொல்கிறேன்.

அவருடைய கணவர் ஆரோக்கியம் சினிமாப் பைத்தியம். எண்பதுகளின் தொடக்கத்தில், கிணற்றுக்கு வெடி வைத்தபோது அவருடைய இரண்டு கண்களும் போயின. ஆறு மாதம் பேசாமல் கிடந்தவர், முதன்முதலாக வாய்திறந்து கேட்டது சினிமாவுக்குப் போகலாமா என்றுதான். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திரையில் நடப்பதைக் கணவரின் காதில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. இடைவேளையில் மேனேஜர் வந்து, "கண்ணு தெரியாதவர இட்டுக்கினு வந்து ஏம்மா எங்களப் பேஜார் பண்றீங்க?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அக்கா எழுந்தார். "கண்ணுதான் போச்சு. ஆசையுமா போச்சு? இனிமே சினிமா எங்க வூட்டுக்கு வரும்" என்று சொல்லிவிட்டுக் கணவரின் கையைப் பிடித்து வெளியே நடந்தார்.

அப்போது வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்குக் கிடைத்தன. ஆனால் டிவியின் சின்ன ஸ்பீக்கரில் வரும் சத்தம் ஆரோக்கியத்துக்குப் போதவில்லை. பார்க்க முடியாதவருக்குச் சத்தம்தானே படம்? அக்கா விழுப்புரத்தில் ஒரு ரேடியோ கடையில், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் போர்டுகளில் இருப்பதிலேயே பெரியதை வாங்கினார். தச்சரிடம் சொல்லிப் பலகைப் பெட்டி செய்து ஸ்பீக்கரைப் பொருத்தினார். சாலிடரிங் வேலையை நம் நிலைய மெக்கானிக் செய்து கொடுத்தார். முதல் படத்தில் சண்டைக்காட்சி வந்ததும் ஓடு அதிர்ந்தது. அக்கா கதை சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. சத்தத்தைக் குறைத்தால் வசனம் குழைந்தது. ஆரோக்கியம் சொன்னார்: "சத்தம் கீது ஸ்டெல்லா, ஆளுங்க இல்ல."

அடுத்த வாரம் அக்காவும் ஆரோக்கியமும் நானும் போர்டைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் போனோம். கடைக்காரர் கையை விரித்தார். "வித்த சாமான மாத்த மாட்டோம்மா. நூறு வாட்டு! ஊருக்கே கேக்கும்."

"ஊருக்கு வேணாங்க. இவருக்குக் கேட்டா போதும்" என்றார் அக்கா.

"இவருக்கு ரேடியோ போதுமேம்மா. சினிமா எதுக்கு?"

அக்காவின் முகம் மாறியது. ஸ்டூலை இழுத்து ஆரோக்கியத்தை நடுக்கடையில் உட்கார வைத்தார். "கீற போர்டெல்லாம் ஒவ்வொண்ணா மாட்டிக் காட்டுங்க. அது வரிக்கும் நாங்க போறதா இல்ல." கடைக்காரர் பாட்டுக் கேசட்டை எடுத்தார். அக்கா தடுத்தார். "பாட்டு எதுல போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். பேச்சப் போடுங்க." ஒரு படத்தின் வசனம் பதிந்த கேசட் அவர் பையிலேயே இருந்தது. அது ஓட ஓட, அவரும் பக்கத்தில் நின்று தன் குரலில் கதை சொன்னார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நான் வெட்கத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு போர்டுகளுக்கு ஆரோக்கியம் தலையாட்டவில்லை. மூன்றாவது சின்னது, கடைக்காரர் அரைமனதோடுதான் மாட்டினார். ஆரோக்கியம் கையை உயர்த்தினார். "இதுல படத்துல வர்ற அந்தம்மா அழுவறதுக்கு முன்ன மூச்சு இழுக்கறது கேக்குது. நீ பேசறதும் கேக்குது." கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு இதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

ஞாயிறுதோறும் அந்த வீட்டில் படம் ஓடியது. தெருவே வந்து உட்காரும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர், "யம்மா, நீ குறுக்க குறுக்கப் பேசாத, படம் பாக்க முடியல" என்றார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படம் அவருக்குங்க. நீங்க வேணும்னா கூட ஒக்காந்து பாருங்க." அவர் எழுந்து போகவில்லை. ஆரோக்கியம் சாகும்வரை, நாயகன் என்ன சட்டை போட்டிருக்கிறான் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு இப்போது காது மந்தம். கல்யாண வீடுகளில் யாராவது பேசினால் புரிந்ததுபோல் சிரித்துவைப்பது என் வழக்கமாகிவிட்டது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஏதோ சொன்னார். என்னைத் தவிர எல்லோரும் தலையசைத்தார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். "எனக்குக் கேக்கலைங்க ஃபாதர். இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர் முதலிலிருந்து சொன்னார். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.