வயலில் கட்டிய இருமல்

திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் எதுவானாலும் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்து, கேசட்டில் போட்டுக் கொடுப்பேன். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. மந்திரத்துக்கு நடுவில் ஐயர் இருமினாலும், மாமன்காரர் மூக்குச் சிந்தினாலும், அந்த இடத்தைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு ஒட்டித்தான் கொடுப்பேன். சாமிக்குப் பூ வைக்கும்போது வாடினதைக் கிள்ளிப் போடுகிறோம் அல்லவா, அதுமாதிரி.

இந்தப் பெயரைக் கேட்டுத்தான் துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த பாய் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் பிஸ்கட் டின். உள்ளே ஒரு பெரிய ஸ்பூல், பூஞ்சை பூத்து, நாடா ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கருப்பட்டி மாதிரி இருந்தது.

“என் முதலாளி வெள்ளைக்காரருண்ணே. ரேடியோக் கடை வச்சிருக்காரு. இளவயசுல லண்டன்ல ஒரு பாட்டுக் கம்பெனியில இருந்தாராம். அங்க கித்தார் அடிச்சுப் பாடுற ஒரு பெரிய கோஷ்டி பாடினதாம் இது. வெளியில வராத சரக்கு. எங்க ஊர்ல ஒருத்தர் சுத்தம் பண்ணித் தருவாருன்னு வாய் விட்டுட்டேன்.”

“சரியா வரலன்னா?”

“வந்தாத்தான் விசாவப் புதுசு பண்ணுவேங்கிறாரு. இல்லாட்டி நானும் உங்க கடையிலயே வயர் சுத்த வேண்டியதுதான்.”

ஈரம் போனால்தான் நாடா பிரியும். அடுப்பில் காட்டினால் உருகிவிடும், வெயிலில் வைத்தால் சுருண்டுவிடும். அரிசி மில் களத்தில் அவித்துக் கொட்டிய நெல், பாதி காய்ந்த பக்குவத்தில், உள்ளங்கை பொறுக்கும் சூட்டில் இருக்கும். பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றிவிட்டு, டின்னை அந்தக் குவியலுக்குள் புதைத்து வைத்தேன். நெல் ஆற ஆற வேறு குவியலுக்கு மாற்றினேன். களத்துப் பெண்கள், “டேப்ப அவிச்சு இடிச்சா அவல் வருமாண்ணே?” என்று கேலி செய்தார்கள். ஆனால் நாடா பிரிந்தது. பஞ்சால் துடைத்துப் பெட்டியில் மாட்டினேன்.

அந்தப் பாட்டுக்காரர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. ஆரம்பிக்கிறார்கள், நிறுத்துகிறார்கள். ஒருவர் இருமுகிறார். ஒருவர் சிரிக்கிறார். ஏதோ கீழே விழுந்து உடைகிறது. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி ஆரம்பிக்கிறார்கள். மறுபடி இருமல். பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“என்னண்ணே, ஒத்திகை பாக்காமயே வந்துட்டாங்களா?”

“நம்ம கையில வந்துடுச்சில்ல பாய். விடுங்க.”

வேறு நாடாவில் நகல் எடுத்தால் இரைச்சல் கூடும். அதனால் அசலிலேயே வெட்டினேன். இருமல், சிரிப்பு, பேச்சு, உடைசல், பாதியில் நின்ற பாட்டு எல்லாம் போக, முதலிலிருந்து கடைசிவரை பிசிறில்லாமல் ஒரே ஒரு பாட்டு மிஞ்சியது. கோயில் மணி மாதிரி இருந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

வெட்டிப்போட்டது ஒரு சாக்கு நிறைய இருந்தது. எனக்குத் தெரிந்த குத்தகைக்காரர் ஒருவர் எப்போதும் கடைக்கு வந்து கழிவு நாடாவை வாங்கிப்போவார். கதிரில் பால் பிடிக்கும் நேரத்தில் வயலின் குறுக்கே குச்சி நட்டுக் கட்டினால், காற்றில் ‘விர்’ரென்று இரைந்து குருவியை அண்டவிடாது. அந்தச் சாக்கை அவர் கொண்டுபோய்விட்டார்.

சில நாள் கழித்து, எஸ்டிடி பூத்திலிருந்து பாய் முகம் வெளிறி வந்தார்.

“சுத்தமா இருக்குன்னு சொன்னேண்ணே. பேச்செல்லாம் தெளிவா கேக்குதா, இருமல் கேக்குதான்னு முதலாளி கேக்குறாரு. எல்லாத்தையும் எடுத்துட்டோம்னு பெருமையா சொன்னேன். போன்லயே கத்து கத்துன்னு கத்திட்டாரு.”

அந்தக் கம்பெனியில் முதலாளி பாடினவரோ வாசித்தவரோ இல்லையாம். டீ வாங்கிக் கொடுத்த பையனாம். நாடாவில் ஓரிடத்தில் பாட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு, இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு டீ கேட்கிறாராம். அவருக்கு அதுதான் வேண்டுமாம்.

“அது இல்லாம வராதேங்கிறாரு,” என்றார் பாய்.

வயலுக்கு ஓடினோம். அங்கே வேறு சங்கடம். அந்த நிலம் தன் சாகுபடியில்தான் இருக்கிறது என்று குத்தகைக்காரரும், அவரை வெளியேற்றியாயிற்று என்று மிராசுதாரும் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஆட்சி மாறி, தாலுகா ஆபீஸ் ஆணியில் வேறு படம் ஏறியிருந்தது. வழக்கு மட்டும் மாறவில்லை. நாடா கட்டிய மறுநாளே கோர்ட்டு உத்தரவு வந்துவிட்டது. தீர்ப்பு வரும்வரை இரு தரப்பும் வயலில் கால் வைக்கக் கூடாது. மேற்கு வரப்பில் குத்தகைக்காரர் பக்கம் நின்ற விவசாயச் சங்கத்துக் கொடி, கிழக்கு வரப்பில் மிராசுதாரின் காரியக்காரர் நாற்காலி போட்டுக்கொண்டு. நடுவில் லண்டன் இருமல் இரைந்துகொண்டிருந்தது.

“நானே அவுத்துத் தரேன்,” என்றார் குத்தகைக்காரர்.

“நீ அவுத்தா, சாகுபடி உன்னுதுன்னு ஆயிடும்,” என்றார் காரியக்காரர். “எங்க ஆளு அவுப்பான்.”

“உங்க ஆளு கால வச்சா, அனுபவம் உங்களுதுன்னு எழுதிக்குவீங்க.”

“அப்ப நான் இறங்குறேங்க,” என்றார் பாய்.

“நீங்க எதுக்கு? நாளைக்கு நீங்களும் பங்கு கேக்குறதுக்கா?” என்றார் காரியக்காரர்.

வருவாய் ஆய்வாளரிடம் போனோம். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடத் தலையாரிக்கு அனுமதி இருந்தது. அவரையே அவிழ்க்கச் சொல்லலாமே என்றேன்.

“தண்ணி விட உத்தரவு இருக்கு. நாடா அவுக்க உத்தரவு இல்லையே,” என்றார் ஆய்வாளர். பிறகு பாயின் முகத்தைப் பார்த்து இரங்கி, தாசில்தாரிடம் பேசினார். ஒரு நிபந்தனை வந்தது. இரு தரப்பும் பார்க்கத் தலையாரி அவிழ்க்கலாம். ஆனால் அது பாயின் பொருள்தான் என்று அந்த இடத்திலேயே ருசுப்பிக்க வேண்டும்.

ஸ்பூல் பெட்டியையும் லாரி பேட்டரியையும் வரப்பில் இறக்கினேன். ஒரு பக்கம் சங்கத்தார், ஒரு பக்கம் மிராசுதார் ஆட்கள், நடுவில் இரண்டு போலீஸ். தலையாரி ஒரு துண்டை அவிழ்த்துக் கொண்டுவர, நான் மாட்டினேன். இருமல் கேட்டது.

“இது வெள்ளைக்கார இருமல்தானா?” என்றார் ஆய்வாளர்.

“நம்ம ஊரு இருமல்னா கூடவே காறலும் இருக்குங்க,” என்றார் தலையாரி.

அடுத்த துண்டில் பலமான சிரிப்பு. காரியக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். “யாரப் பாத்துச் சிரிக்கிறான்?”

“நாற்காலிய வரப்புல போட்டு உக்காந்திருந்தா லண்டன்காரனுக்கே சிரிப்பு வரும்,” என்றது சங்கத்துப் பக்கம்.

போலீஸ்காரர் லத்தியைத் தட்டினார். இருட்டுவதற்குள் எல்லாத் துண்டுகளும் என் கைக்கு வந்துவிட்டன. குருவியை இனி யார் விரட்டுவது என்பதற்கு உத்தரவு எதுவும் இல்லை.

ஒட்டலாம் என்று உட்கார்ந்தால், எது முன்னால் எது பின்னால் என்று புரியவில்லை. எந்தப் பக்கம் தலை என்பதும் தெரியவில்லை. இங்கிலீஷ் நேராக ஓடினாலும் திரும்பி ஓடினாலும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். தெரியாத காரியத்தில் நான் என் மூளையை நம்புவதில்லை. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வாழை இலையில் மடித்துப் பிள்ளையார் முன்னால் வைத்து, சாமியிடம் உத்தரவு கேட்கப் பூக்கட்டிப் பார்க்கிற மாதிரி, கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுத்தேன். வந்த வரிசையில் ஒட்டினேன். பாய் பக்கத்தில் கண்மூடித் தனக்குத் தெரிந்ததை ஓதிக்கொண்டிருந்தார். அந்த முழுப் பாட்டையும் ஓர் இலையில் வைத்திருந்தேன். அது எங்கேயோ நடுவில் வந்தது.

பாய் டின்னோடு விமானம் ஏறினார். பிறகு கடைக்கு அடுத்திருந்த பூத்துக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டார்.

“முதலாளி அறைக்கதவச் சாத்திக்கிட்டு நாள் பூரா கேட்டாருண்ணே. வெளிய வந்து, பாஸ்போர்ட்டக் குடுன்னாரு. முடிஞ்சுது கதைன்னு நினைச்சேன். விசா அடிக்க எடுத்துட்டுப் போனாருண்ணே. டீ கேக்குறது தலகீழாத்தான் ஓடுதாம், ஆனாலும் தன் பேரு தனக்குத் தெரியாதாங்கிறாரு.”

பிள்ளையாரப்பா என்றேன்.

“ஒரே ஒரு குறைதாண்ணே. நடுவுல ஒரு பாட்டு வந்து கெடுக்குதாம். அதான் எல்லாக் கடையிலயும் கிடைக்குதாமே. அடுத்த தடவ கொண்டு வர்றேன், அத மட்டும் வெட்டித் தருவீங்களாங்கிறாரு.”

“விசா அடிச்சாச்சா பாய்?”

“அடிச்சாச்சுண்ணே.”

“அப்ப வெட்ட மாட்டேன்னு சொல்லிடுங்க. பாவம், ஒரு தடவதான் சரியாப் பாடியிருக்காங்க.”